கழுவாமல் வைத்த மூன்று ஸ்லைடுகள்

எங்கள் லேப் டெக்னீஷியன்கள் சங்கத்தில் ஏதோ மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் ஒருத்தன் எழுதினால் நன்றாக இருக்கும் என்று வசந்தா பிடித்துக்கொண்டாள். கடைசி வருஷங்களில் என்னிடம் ஜூனியராக இருந்தவள். இப்போது சென்னையில் ஒரு பெரிய லேபில், ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் ஜீன்களைப் படிக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். நோய் அடங்கித் திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பமாட்டார்களாம், மறுபடி முதலிலிருந்து பார்ப்பார்களாம். "திரும்பி வர்றது போன நோயே இல்ல சார். அதோட வம்சத்துல மாறிப்போன ஒண்ணு. மருந்துக்கு அடங்காத ஒண்ணு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய் சவேரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அறுபதுகளில் நான் செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் ஆளாக இருந்தேன். சொந்த ஊர் சிங்கவரம். நைனா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் எப்படியோ எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மெட்ராஸில் பயிற்சி முடித்து, சைக்கிளில் போய்வரும் தூரத்திலேயே வேலையும் வாங்கிவிட்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறையப் பசித்தது, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கடைத்தெருவில் எனக்குக் 'கொசு சார்' என்று பெயர். ரத்தம் எடுக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நான் வருவதைப் பார்த்ததும் குழந்தைகள் விரல்களைக் கக்கத்தில் ஒளித்துக்கொள்ளும்.

ஸ்லைடு தயாரிப்பது பார்க்கச் சுலபம். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு. இன்னொரு கண்ணாடியின் விளிம்பை அதில் தொடவிட்டு, பயப்படாமல் ஒரே தள்ளு. ரத்தம் நாக்கு மாதிரி மெல்லிசாகப் படிய வேண்டும். கை நடுங்கினால் அலை அலையாக வரும், எதற்கும் ஆகாது. காய்ந்ததும் சாயம். சாயத்தின் மேல் தண்ணீர். அங்கேதான் செஞ்சி என் கழுத்தை அறுத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் எல்லாச் செல்லும் நீலம் பாரித்துப்போகும், எது எதுவென்று தெரியாது. மழைத்தண்ணீர் என்றால் சிவப்பணு ரோஜா நிறத்திலும் வெள்ளையணுவின் உட்கரு ஊதாவிலும் பளிச்சென்று நிற்கும். அதனால் மேகம் கறுத்தால் ஊரே துணியெடுக்க ஓடும், நான் பேசின் எடுத்துக்கொண்டு கூரை விளிம்புக்கு ஓடுவேன்.

ஸ்லைடுகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவோம். கண்ணாடிக்கு அவ்வளவு பஞ்சம். சாயந்திரமானால் அன்றைய ஸ்லைடுகள் எல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் போய்விடும். மறுநாள் அதே கண்ணாடியில் வேறு யாருடைய ரத்தமோ ஏறும். ஒருவருடைய ஸ்லைடைக் கழுவாமல் எடுத்து வைப்பது எங்கள் வேலையில் கிடையாது.

அந்த வழக்கத்தை மாற்றச் சொன்னவர் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. ஒல்லியான உருவம், குரல் மட்டும் கொஞ்சம் கனம். யாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார், விறகு கொண்டுவருகிற கிழவரைக்கூட. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். நிலபுலம் உள்ள ஒரு பெரியவர் என் கையில் விரலைக் கொடுக்கத் தயங்கி, வேறு ஆள் இல்லையா என்று கேட்டார். அம்மா எழுதுவதை நிறுத்தாமல், "விரல் அவர்கிட்ட போகட்டும், இல்லன்னா நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். பெரியவர் விரலை நீட்டினார். நானும் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேபுக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொள்வார். மைக்ராஸ்கோப்பில் நான் முதலில் பார்த்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரையோ செல்லின் பெயரையோ நான் எடுத்தால் போச்சு.

"பேரைச் சொல்லாதீங்க. பாத்ததைச் சொல்லுங்க" என்பார்.

எவ்வளவு பெரிசு, உட்கரு உருண்டையா, மடிந்திருக்கிறதா, பக்கத்தில் பொடி தூவினது போல ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். நடுநடுவே "ம்" என்பார். அந்த 'ம்'மில் பல தினுசு உண்டு. சரி என்று ஒன்று, இன்னும் பாருங்க என்று ஒன்று. மூன்றாவது வந்தால் கெட்ட சேதி என்று அர்த்தம்.

சவேரியம்மா செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். வயிற்றின் இடதுபக்கம் கல்லாக் கனக்கிறது என்று புருஷன் சின்னப்பனோடு வந்தாள். விலாவுக்குக் கீழே சூடு போட்ட தழும்பு. கட்டி என்றால் எங்கள் பக்கம் முதல் வைத்தியம் அதுதான். குளிர்ஜுரத்தில் மண்ணீரல் வீங்குவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். டாக்டரம்மாவும் முதலில் மலேரியாவைத்தான் தேடச் சொன்னார். ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். மலேரியா இல்லை. வெள்ளையணு கொட்டிக் கிடந்தது. முதிர்ந்தது, பாதி முதிர்ந்தது, இளசு என்று எல்லாப் பருவமும் கலந்து, பள்ளிக்கூடம் விட்ட நேரத்துத் தெரு மாதிரி இருந்தது. பார்த்ததைச் சொன்னேன். மூன்றாவது 'ம்' வந்தது.

மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே பார்த்து, நாள்பட்டு வளரும் ரத்தப் புற்று என்று சொல்லி, மாத்திரை கொடுத்துத் திருப்பியனுப்பினார்கள். ரத்தத்தை எண்ணி எண்ணி மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அந்த எண்ணிக்கை செஞ்சியிலேயே நடக்கட்டும் என்று ஏற்பாடு. அன்றைக்குத்தான் டாக்டரம்மா அந்த முதல் ஸ்லைடைக் காட்டி, "இதைக் கழுவாதீங்க" என்றார். ஒரு பிஸ்கட் டின்னில் பழைய பேப்பர் சுற்றி வைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. வயிற்றுக் கனம் கரைந்தது, முகத்தில் ரத்தம் ஓடியது. ஸ்லைடைப் பார்த்தால் உங்கள் ரத்தம், என் ரத்தம் போலத்தான் இருக்கும். இரண்டு வருஷம் போல அப்படிப் போயிற்று. மாதம் ஒரு முறை இரண்டு பேரும் பஸ் ஏறி வருவார்கள். அவள் வாய்த்துடுக்கு. "இன்னா கொசு சார், என் ரத்தம் ருசியா இருக்குதா, மாசாமாசம் கேக்கறியே?" என்பாள். சின்னப்பன் பேசமாட்டான். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்று சிரிப்பான்.

அந்த இரண்டாம் வருஷ ஆவணியில் அவர்கள் வந்த அன்று நல்ல மழை. நான் பேசினோடு ஓடினேன். சின்னப்பனும் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தான். ஆடியில் விதைத்த மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, இது தங்கமான மழை, செடி இப்போதுதான் பூ எடுக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன். அந்தத் தண்ணீரிலேயே சவேரியம்மாவின் ஸ்லைடுக்குச் சாயம் போட்டேன். நிறம் அருமையாக வந்தது.

நிறம் அருமையாக வந்ததால்தான் அதுவும் தெரிந்தது. ஒழுங்கான செல்களுக்கு நடுவே ஓரிடத்தில் ஒன்று, தள்ளி இன்னொன்று. பெரிய உருண்டை உட்கரு, அதற்குள் வெளிறின புள்ளி, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு. முதல் ஸ்லைடில் இருந்த கூட்டத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. சொன்னேன். டாக்டரம்மா 'ம்' கூடச் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்தார். வெளியே அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெட்ராஸுக்கு எழுதிப்போட்டார். மாத்திரையை மாற்றிப் பாருங்கள், வேறு செய்வதற்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. குடும்பத்திடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லி என்ன செய்யப் போறோம்? மல்லாட்டை புடுங்கி முடியட்டும். அதுவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். அந்த ஸ்லைடும் டின்னுக்குள் போயிற்று.

அந்தக் கார்த்திகையிலேயே அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடங்காத ஜுரம், ஈறில் ரத்தம், தோலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அன்றைய ஸ்லைடில் பழைய கூட்டம் ஒன்றுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் அந்த உருண்டை முகம்தான், ஒன்றைப்போலவே இன்னொன்று. அதையும் கழுவாமல் டின்னில் வைத்தேன். இரண்டு வருஷம் காப்பாற்றிய மாத்திரை இனி ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா சொன்னார். மெட்ராஸுக்குத் தூக்கிப்போனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றும் சொன்னார்.

சின்னப்பன் வார்டுக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா வீட்டிலிருந்து வந்த சோறு அப்படியே திரும்பிப் போயிற்று. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவன் மரத்தடியில் குந்திக்கொண்டு இருக்கிறானே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன்.

மறுநாள் காலையில் ரத்தம் எடுக்கப் போனபோது சவேரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் போயிருந்தது. மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னாள். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அவள் பத்தியம் இருந்திருக்கிறாள். புளி கிடையாது, கருவாடு கிடையாது, கத்திரிக்காய் கிடையாது. மல்லாட்டை பித்தம் என்று அதையும் தொடவில்லை. விதைத்ததும் களை எடுத்ததும் அவள்தான், வாயில் ஒன்று போட்டதில்லை. இந்த ஐப்பசியில் செடி பிடுங்கின அன்று சின்னப்பன் புதுக்காயை அவித்து, ஒரு பிடி எடுத்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். தின்னு, ஒரு பிடியில் இன்னா ஆயிடப்போவுது என்று. தின்றாள். கார்த்திகை பிறந்ததும் ஜுரம்.

"பத்தியத்த ஒடச்சது அவருதானாம். அவரே கொன்னுட்டாராம். ஊருல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. என் மூஞ்சப் பாக்க மாட்டறாரு சார். நான் போறவ, போயிட்டுப் போறேன். அவரு இருக்கணும் இல்ல? அதனாலதானா, இல்லியா? இல்லன்னா அவருகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டறாரு."

ரத்தத்தை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"பத்தியமா? யார் இருக்கச் சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை அம்மா, எங்கள் பக்கம் மருந்து என்றால் கூடவே பத்தியம், அதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் விடுவார்கள். அப்படிச் சொல்ல டாக்டரம்மாவுக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊர்க்காரன் நான், எனக்கும் அவளிடம் கேட்கத் தோன்றியதில்லை. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷம் நன்றாக இருந்த பெண், அந்த இரண்டு வருஷமும் வாய்க்கு ருசியாக ஒன்று தின்னாமல் இருந்திருக்கிறாள். அதை நினைத்து இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பிறகு எழுந்து, "அவரைக் கூட்டிட்டு வாங்க. டின்னையும் எடுங்க" என்றார்.

சின்னப்பன் லேப் வாசலிலேயே நின்றான். டாக்டரம்மா அவனை என் ஸ்டூலில் உட்காரவைத்தார். வெயில் ராஜகிரிக் கோட்டைப் பாறைமேல் நன்றாக ஏறியிருந்தது. மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. முதல் ஸ்லைடை வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான். பிறகு நேற்றைய ஸ்லைடு. மாறி மாறி வைக்கச் சொல்லிப் பார்த்தான்.

"இது அது இல்ல. இது வேற" என்றான்.

டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். மாத்திரைக்கு அடங்கியதெல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள்ளேயே ஒன்று அடங்காமல் குணம் மாறிப் பெருகிவிட்டது. களையெடுக்கும்போது கண்ணுக்குத் தப்பிய ஒன்று விதை போட்டு வயலையே பிடித்துக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. இதற்கும் தின்பதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் கேட்டான். பிறகு அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"எப்ப மாறிச்சும்மா? மல்லாட்ட தின்ன பொறவா, முன்னாடியா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டின்னில் மிச்சமிருந்த நடு ஸ்லைடை எடுத்தேன். இது எப்போது எடுத்தது தெரியுமா என்று அவனைக் கேட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஓரத்தில் கீறியிருந்த மாதம் அவனுக்கு உதவாது. அன்றைக்கு மழை, கூரையடியில் பேசின், ஒரு பக்கம் நீங்கதான் பிடிச்சீங்க, செடி பூ எடுக்குதுன்னு சொன்னீங்க, அந்தத் தண்ணீரில் சாயம் போட்ட ஸ்லைடு இது என்றேன். அவன் முகம் மாறியது. அவனுக்கு ஞாபகம் இருந்தது. பூ எடுத்த நாளில் தின்பதற்குக் காய் ஏது?

ஸ்லைடை வைத்தேன். உருண்டை முகம் இருந்த இடத்தைத் தேடிப்பிடித்து நடுவில் நிறுத்தப் போனேன். டாக்டரம்மா என் கையைத் தட்டினார். "நீங்க நிறுத்தாதீங்க. அவரே தேடட்டும்" என்றார். ஸ்லைடை நகர்த்தும் திருகை எப்படித் திருப்புவது என்று மட்டும் காட்டினேன். மண்வெட்டி பிடிக்கிற விரல், தொட்டால் உடையும் என்பது போலத் திருப்பிக்கொண்டே போனான். மேகம் ஒன்று வந்து வெளிச்சம் மங்கியது. நகரும்வரை அப்படியே காத்திருந்தான்.

"தோ" என்றான். "தோ இருக்குது. இதான அது?"

எட்டிப் பார்த்தேன். அதுதான்.

டாக்டரம்மா அவனிடம், "நான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து லேபைவிட்டு வார்டுப் பக்கம் நடந்தான். நடை ஓட்டமாயிற்று.

ரத்தம் எடுத்த சாமான் வார்டிலேயே கிடக்கிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கட்டில் ஓரத்தில் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா?" என்று அவள் கேட்டாள்.

"பாத்தேன். பூ எடுத்தப்பவே இருந்திருக்குது. நான் இல்ல, சவேரி."

"அதத்தான நானும் சொன்னேன்" என்றாள். பிறகு, பத்தியம் என்று ஒன்று கிடையவே கிடையாதாமே, எனக்கு மல்லாட்டை வேணும் என்று கேட்டாள். சாயந்திரம் அவித்துக் கொண்டுவந்தான். ஈறு இருந்த நிலைமையில் அவளால் மெல்ல முடியவில்லை. உள்ளங்கையில் நசுக்கி நசுக்கி அவள் வாயில் வைத்தான். உப்பு போதவில்லை என்று அவள் குறை சொன்னாள். நான் வெளியே வந்து அந்த வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். அதுவரை அவன் மரத்தடிக்குப் போகவில்லை.

வசந்தாவிடம் இதைச் சொன்னபோது, அந்த மாற்றம் அந்த ஆவணிக்கும் வெகுநாள் முன்பே யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு செல்லில் தொடங்கியிருக்கும் சார், இப்போது ஜீனைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றாள். இருக்கட்டும். எங்களிடம் இருந்தது ஒரு பேசின் மழைத்தண்ணீர்.

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் சின்னப்பன் லேபுக்கு வந்தான். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறான். மல்லாட்டை பிடுங்குகிற காலம். கையில் ஒரு பை புதுக்காய். அந்த நடுக் கண்ணாடியை இன்னொரு தரம் பார்க்கலாமா சார் என்று கேட்டான். எனக்கு முதலில் புரியவில்லை. வைத்துக் காட்டினேன். தேடிக் கண்டுபிடித்துப் பெருமூச்சுவிட்டு, பையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கடுத்த வருஷமும் வந்தான், அதற்கடுத்த வருஷமும். மல்லாட்டை விளையும்போதெல்லாம் அவனுக்குச் சந்தேகம் முளைத்துவிடும். ஊரில் யாராவது வாயைக் கிளறியிருப்பார்கள். ஒருதரம் பார்த்தால் மனசுக்குப் போதவில்லை. காயைக் கொடுப்பானே தவிர, நான் நீட்டினாலும் தான் ஒன்று எடுத்து வாயில் போடமாட்டான்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். போகும்போது என்னிடம் மற்றதைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, "அந்த டின்னை மட்டும் யாரும் கழுவிடாம பாத்துக்குங்க" என்றார்.

சாயத்துக்கும் ஆயுசு உண்டு. அறுபதுகளின் கடைசியில், ஒரு வருஷம் அவன் வருவதற்கு முன்னால் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ஊதா வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. சிவப்பணு தண்ணீரில் கழுவின மாதிரி. அந்த உருண்டை முகம் இருக்கிற இடம் எனக்கு மனப்பாடம், ஆனாலும் இருக்கிறதா என்றால் சத்தியம் செய்யமாட்டேன். மறுபடி சாயம் போட்டால் வருமோ, உள்ளதும் போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

அவன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் சரிபண்ணிக்கொடுத்து, சாயம் வெளுத்துப்போச்சுங்க, சரியாத் தெரியாது என்று முன்கூட்டியே சொன்னேன். பரவாயில்லை என்று உட்கார்ந்தான். ஒரு கண்ணை இப்போது அவனுக்கு மூடத் தெரியும். திருகை மெல்லத் திருப்பினான். எந்த வருஷத்தையும்விட நேரமாயிற்று. இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

தலையைத் தூக்கினான்.

"இருக்குது சார். அங்கியேதான் இருக்குது."

எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. பையை மேஜையில் வைத்தான். முடிச்சை அவிழ்த்து ஒரு காயை எடுத்து உடைத்தான். அவித்த காய், இன்னும் சூடு இருந்தது. பருப்பை என்னிடம் நீட்டாமல் தன் வாயில் போட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாக மென்றான்.

"உப்பு போதல" என்றான்.